ரெவ்3 இல்லாத ஈஸ்ட்

கனவானைன் என்ற நஞ்சு கலந்த தட்டுகளை எண்ணி முடித்த அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் இன்னும் கண்ணில் நிற்கிறது. மேசையில் மூன்று அடுக்காகத் தட்டுகள். முதல் அடுக்கு, நாங்கள் எந்த மரபணுவையும் தொடாத சாதாரண ஈஸ்ட். பெரும்பாலான தட்டுகளில் 20, 25 காலனி, அதாவது ஒரே செல் பெருகி உண்டான புள்ளி. ஒரே ஒரு தட்டில் மட்டும் 140. இரண்டாவது அடுக்கு எம்எஸ்எச்2 என்ற மரபணுவை நீக்கிய ஈஸ்ட். அதை எண்ண வழியே இல்லை. காலனிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாய் விரித்த மாதிரி இருந்தன. தண்ணீர் சேர்த்து நீர்க்கவைத்து மறுபடி பரப்ப வேண்டும். மூன்றாவது அடுக்கு ரெவ்3 நீக்கியது. ஏழு, பத்து, எட்டு, ஆறு, பன்னிரண்டு.

எம்எஸ்எச்2 தட்டில் எனக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. டிஎன்ஏவைப் பழுதுபார்க்கிற ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் பழுது பெருகத்தான் செய்யும். ஆனால் ரெவ்3-யும் டிஎன்ஏ பழுதுபார்ப்பு மரபணு என்றுதானே பட்டியலில் இருக்கிறது? அதை எடுத்தால் மியூட்டேஷன் கூட வேண்டாமா? பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. அப்படியென்றால் முதல் அடுக்கில் நான் எண்ணிய காலனிகளில் பாதிக்கு மேல், டிஎன்ஏ தானாகக் கெட்டதால் வந்தவை இல்லை. ஈஸ்ட் தன் கையாலேயே எழுதிக்கொண்ட பிழைகள்.

இதை நான் முன்பே படித்திருந்தேன். குவா, வான் பார்ஸ்டல், ஹேஸ்டிங்ஸ் என்ற மூவர் 1980-இல் இதையே எழுதியிருக்கிறார்கள்: ஈஸ்ட்டில் தானாக வரும் மியூட்டேஷன்களில் பெரும்பங்கு ரெவ்3 இருந்தால்தான் வருகிறது என்று. படித்தபோது அடிக்கோடு போட்டுவிட்டுக் கடந்துபோனேன். என் கையால் ஊற்றிய தட்டில், என் விரல் வைத்து எண்ணியபோதுதான் அது உள்ளே இறங்கியது. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான். பாடநூலில் சடுதிமாற்றம், மறுசேர்க்கை என்று இருக்கும். ஆய்வகத்தில் மியூட்டேஷன், ரீகாம்பினேஷன் என்றே பேசிப் பழகிவிட்டதால் இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கனவானைன் தம்பட்டங்காய் இனத்து விதைகளில் இருக்கும் ஓர் அமினோ அமிலம். எங்கள் ஆச்சி வீட்டு வேலியில் தம்பட்டங்கொடி படர்ந்திருக்கும். பிஞ்சாக இருக்கும்போதே பறித்துப் பொரியல் செய்துவிடுவாள். முற்றிய விதை என்றால் இரண்டு தடவை தண்ணீர் மாற்றி வேகவைப்பாள். காரணம் கேட்டால் "அது ஆகாது" என்பதோடு சரி. கனவானைன் பார்வைக்கு அர்ஜினைன் மாதிரியே இருக்கும். செல் அதை அர்ஜினைன் என்று நினைத்துத் தன் புரதங்களில் கோத்துக்கொள்ளும். புரதம் கெட்டு, செல் சாகும். ஈஸ்ட்டுக்குள் அது நுழைவது ஒரே வாசல் வழியாக. அர்ஜினைனை உள்ளே கொண்டுவரும் அந்த வாசலைக் கட்டிக்கொடுப்பது கேன்1 என்ற மரபணு. அந்த மரபணுவில் எங்காவது ஓர் எழுத்து மாறி வாசல் அடைபட்டுவிட்டால், நஞ்சு உள்ளே வராது, செல் பிழைக்கும், இரண்டு மூன்று நாளில் ஒரு காலனியாக வளரும். ஆக, கனவானைன் தட்டில் நிற்கும் ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியும் எப்போதோ நடந்த ஒரு மியூட்டேஷன். சாதாரண ஈஸ்ட்டில் ஒரு கோடி தடவை செல் பிரிந்தால் ஒரு தடவையோ சில தடவையோதான் இது நடக்கும். ஈஸ்ட் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பிரிகிறது. ஒரு மில்லிலிட்டரில் பத்துக் கோடி செல் வரை வளர்கிறது. அதனால்தான் இத்தனை அரிதான ஒன்றை மூன்று நாளில் கண்ணால் பார்க்க முடிகிறது.

அந்த 140 காலனித் தட்டு என் தவறு இல்லை. ஒரே ஈஸ்ட்டைப் பன்னிரண்டு குழாயில் தனித்தனியாக வளர்த்தால், ஏதோ ஒரு குழாயில் மியூட்டேஷன் சீக்கிரமே நடந்துவிடும். அதன் பிள்ளை, பேரன் எல்லாம் சேர்ந்து தட்டில் வந்து நிற்கும். லூரியாவும் டெல்பிரூக்கும் 1943-இல் பாக்டீரியாவில் காட்டியது இதைத்தான். அதனால் சராசரி எடுக்காமல், வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணை எடுத்துக் கணக்குப் போடுவோம். ஒரு எண்ணுக்குப் பன்னிரண்டு குழாய். ஐந்து வருடத்தில் எத்தனை குழாய் கழுவியிருப்பேன் என்று கணக்கில்லை.

சரி, ரெவ்3-க்கு வருவோம்.

ஈஸ்ட்டின் பழுதுபார்ப்பு மரபணுக்களில் பலவற்றின் பெயர் ராட் என்று தொடங்கும். ரேடியேஷன் என்ற சொல்லின் தலைப்பகுதி அது. 1960-களின் இறுதியில் காக்ஸும் பேரியும் புற ஊதா ஒளிக்குச் சீக்கிரம் செத்துப்போகும் ஈஸ்ட்களைத் தேடிப் பிடித்தார்கள். வேறு சிலர் எக்ஸ் கதிருக்குத் தாங்காதவற்றைப் பிடித்தார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து ஓர் ஒழுங்குக்கு வந்தார்கள்: புற ஊதாவுக்குத் தாங்காதவற்றின் எண் 50-க்குக் கீழே, எக்ஸ் கதிருக்குத் தாங்காதவற்றின் எண் 50 முதல். இந்தப் பட்டியலை வழிவழியாகப் பிரித்த விதம்தான் எனக்கு மரபியலிலேயே மிகவும் பிடித்த வேலை. இரண்டு மரபணுக்களைச் சேர்த்து நீக்குகிறோம். ஒன்றை மட்டும் நீக்கியதைவிட நிலைமை மோசமாகவில்லை என்றால் இரண்டும் ஒரே வழியில் இருக்கின்றன. ஏற்கெனவே அடைபட்ட சாலையில் இன்னொரு தடுப்பு வைத்து என்ன ஆகப்போகிறது? மோசமானால், இரண்டும் வேறு வேறு வழி. ஒரு புரதத்தைக்கூடக் கையில் தொடாமல், வெறும் உயிர் பிழைத்த காலனிகளை எண்ணியே மூன்று வழிகள் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ராட்3 கூட்டம், கெட்ட எழுத்துகளை வெட்டி எடுத்துப் புதிதாக நிரப்பும். ராட்52 கூட்டம், உடைந்த டிஎன்ஏவை இன்னொரு பிரதியைப் பார்த்துச் சேர்க்கும். ரீகாம்பினேஷன் இதன் வேலை. ராட்6 கூட்டம் என்ன செய்கிறது என்பதுதான் நெடுநாள் புதிராக இருந்தது. ரெவ்3 இந்தக் கூட்டத்து ஆள்.

புற ஊதா சோதனையில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் ஜன்னல். ராட்1 நீக்கிய ஈஸ்ட் சில ஜூல் புற ஊதாவிலேயே செத்திருக்க வேண்டும். என் தட்டில் செழிப்பாக நின்றது. விளக்கு கெட்டுவிட்டது என்று இரண்டு வாரம் விளக்கையே சந்தேகப்பட்டேன். சீனியர் அக்கா ஒருநாள் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "தட்டை எங்கே வைக்கிறாய்?" என்றார். ஜன்னலோரம், பதினொரு மணி வெயிலில். ஈஸ்ட்டில் ஃபோட்டோலயேஸ் என்ற நொதி இருக்கிறது. நீல வெளிச்சம் பட்டால் போதும், புற ஊதா ஒட்டவைத்த எழுத்து ஜோடியை அது பிரித்துவிடும். நான் விளக்கில் போட்ட காயத்தை வெயில் ஆற்றிக்கொண்டிருந்திருக்கிறது. அன்று முதல் அலுமினியத் தாளில் சுற்றாமல் ஒரு தட்டும் என் மேசையைவிட்டு நகர்ந்ததில்லை.

ரெவ்3-ஐப் பிடித்தவர் லெமாண்ட், 1971-இல். அவர் தேடியது சாகும் ஈஸ்ட்டை இல்லை. புற ஊதா பட்டாலும் மியூட்டேஷன் வராத ஈஸ்ட்டை. அந்தக் கேள்வியைக் கேட்கத் துணிச்சல் வேண்டும் என்று எப்போதும் நினைப்பேன். புற ஊதா டிஎன்ஏவைக் கெடுக்கிறது, கெட்டதால் மியூட்டேஷன் வருகிறது, இதில் மரபணுவுக்கு என்ன வேலை என்றுதானே யாரும் கேட்பார்கள்? ஆனால் அவருக்குக் கிடைத்தது. ரிவர்ஷன், அதாவது கெட்ட மரபணு இன்னொரு மியூட்டேஷனால் பழையபடி சரியாவது, இல்லாதது என்ற பொருளில் ரெவ்1, ரெவ்2, ரெவ்3 என்று பெயர் வைத்தார். அதன் வேலை முழுமையாகப் புரிய இன்னும் 25 வருடம் ஆனது. 1996-இல் நெல்சன், லாரன்ஸ், ஹிங்கிள் மூவரும் ரெவ்3 தரும் புரதம் ஒரு டிஎன்ஏ பாலிமரேஸ், அதாவது டிஎன்ஏவை நகலெடுத்து எழுதும் நொதி என்று காட்டினார்கள். சாதாரண பாலிமரேஸ் கெட்ட எழுத்தைக் கண்டால் நின்றுவிடும். இது நிற்காது. எதிரே இருப்பது சரியாகப் படிக்க முடியாத எழுத்தாக இருந்தாலும், அதைத் தாண்டி எழுதிக்கொண்டு போகும். எழுதுவது தவறாக இருக்கலாம்; ஆனால் நகல் நிற்காமல் முடியும், செல் சாகாது.

மழையில் நனைந்து நடுவில் இரண்டு வரி அழிந்த ஒரு பத்திரத்தை நகல் எடுக்கிறோம் என்று வையுங்கள். ஒருவர் அந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். இன்னொருவர் ஊகித்து எழுதிவிட்டு மேலே போவார். மூன்றாமவர் எழுந்துபோய் பீரோவில் இருக்கும் இன்னொரு பிரதியை எடுத்துவந்து பார்த்து எழுதுவார். ஊகித்து எழுதுபவர் ரெவ்3. இன்னொரு பிரதியைத் தேடிப் போவது ரீகாம்பினேஷனுக்குச் சொந்தமான வழி. என் ஐந்து வருட வேலையின் சாரம், இந்த இரண்டு பேரும் ஒருவர் வேலையை ஒருவர் எப்படி வாங்கிக்கொள்கிறார்கள் என்று பார்ப்பதுதான்.

ராட்52-ஐ நீக்கினால் பீரோ பூட்டிக்கொள்ளும். அப்போது கனவானைன் தட்டில் காலனிகள் சில மடங்கு கூடுகின்றன. உடைப்பை ஒட்டும் மரபணுவை எடுத்தால் எழுத்துப் பிழை எப்படிக் கூடும்? அந்த ஈஸ்ட்டில் ரெவ்3-யையும் சேர்த்து நீக்கிப் பார்த்தால் விடை தெரியும்: கூடியதில் பெரும்பகுதி காணாமல் போய்விடும். முன்பு பிரதியைப் பார்த்துத் திருத்தப்பட்ட இடங்களெல்லாம் இப்போது ஊகிப்பவர் கைக்குப் போயிருக்கின்றன. சேதத்தின் அளவு மாறவில்லை. யார் கைக்குப் போகிறது என்பதுதான் மாறியிருக்கிறது.

எதிர்ப்பக்கமும் இதே கதைதான். ராட்18-ஐயோ ராட்6-ஐயோ நீக்கினால் ரீகாம்பினேஷன் கூடுகிறது. அதைச் சிவப்புக் காலனி வைத்துப் பார்ப்போம். ஏடிஇ2 மரபணு கெட்ட ஈஸ்ட், அடினைன் குறைந்த தட்டில் பீட்ரூட் சாறு ஊறிய மாதிரிச் சிவக்கும். ஒரு நல்ல பிரதி, ஒரு கெட்ட பிரதி இரண்டும் உள்ள, குரோமோசோம்கள் ஜோடியாக இருக்கும் டிப்ளாய்டு ஈஸ்ட் வெள்ளையாகவே இருக்கும். செல் பிரியும்போது இரண்டு குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொண்டால், ஒரு மகள் செல்லுக்கு இரண்டும் கெட்ட பிரதியாகப் போய்ச்சேரும். காலனியில் சிவப்புத் துண்டு விழும். தட்டில் பரப்பியபின் நடக்கும் முதல் பிரிவிலேயே அது நடந்தால் காலனி சரிபாதி சிவப்பு, சரிபாதி வெள்ளை. ராத்திரி எட்டு மணிக்கு இன்குபேட்டரைத் திறந்து இப்படி ஒரு பாதிச் சிவப்பைப் பார்ப்பதைப் போல மகிழ்ச்சி தருவது எனக்கு ஆய்வகத்தில் வேறெதுவும் இல்லை.

இந்த இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் சந்திக்கும் மரபணு எஸ்ஆர்எஸ்2. பெயரின் பொருள் ராட் சிக்ஸின் சப்ரஸர், அதாவது ராட்6 கெட்டதன் விளைவை அடக்குவது. ராட்6 கெட்ட ஈஸ்ட் புற ஊதாவுக்குத் தாங்காது. அதில் இன்னொரு மரபணுவும் கெட்டால் மறுபடி ஓரளவு தாங்கும் என்று 1979-இல் லாரன்ஸும் கிறிஸ்டென்சனும் கண்டார்கள். அது எஸ்ஆர்எஸ்2. சில வருடம் கழித்து வேறு ஓர் ஆய்வகத்தில் அகிலேராவும் ஹன்னா கிளைனும் ரீகாம்பினேஷன் அளவுக்கு மீறி நடக்கும் ஈஸ்ட்களைத் தேடினார்கள். அவற்றில் ஒன்றுக்கு எச்பிஆர்5 என்று பெயர் வைத்தார்கள். 1991-இல் பார்த்தால் இரண்டும் ஒரே மரபணு. ஒருவர் உயிர் பிழைப்பதைத் தேடி வந்தார், இன்னொருவர் ரீகாம்பினேஷனைத் தேடி வந்தார், இருவரும் ஒரே வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். 2003-இல் அதன் வேலை நேராகத் தெரிந்தது: ரீகாம்பினேஷனுக்காக டிஎன்ஏ மேல் வரிசையாக ஏறி உட்காரும் ராட்51 புரதங்களை எஸ்ஆர்எஸ்2 இழுத்துக் கீழே தள்ளுகிறது. பீரோவுக்குப் போகிறவரை வாசலிலேயே மறிக்கும் ஆள். அந்த ஆள் போய்விட்டால், ராட்6 வழி அடைபட்ட ஈஸ்ட்கூட ராட்52 வழியில் தப்பித்துக்கொள்கிறது. ராட்52-யும் இல்லையென்றால் தப்பிக்க முடியாது என்பதையும் பிரகாஷ் தம்பதியின் ஆய்வகத்தில் 1990-இல் காட்டிவிட்டார்கள்.

இத்தனையும் எந்த இடத்தில் முடிவாகிறது என்பதை 2002-இல் யென்ஷ் என்பவரின் ஆய்வகம் கண்டுபிடித்தது. டிஎன்ஏவைச் சுற்றி வளையமாகப் பூட்டிக்கொண்டு பாலிமரேஸைத் தாங்கி ஓடும் புரதம் பிசிஎன்ஏ. அதன் 164-ஆவது இடத்தில் லைசின் என்ற அமினோ அமிலம். அதில் ராட்6, ராட்18 இரண்டும் சேர்ந்து யூபிக்விட்டின் என்ற குட்டிப் புரதம் ஒன்றை ஒட்டினால் ஊகித்து எழுதும் பாலிமரேஸ்கள் வரும். ராட்5 வந்து அதைச் சங்கிலியாக நீட்டினால், பக்கத்தில் புதிதாக எழுதப்பட்ட நல்ல இழையைப் பார்த்துப் பிழையில்லாமல் தாண்டும் வழி திறக்கும். அதே லைசினில் சூமோ என்ற வேறொன்று ஒட்டினால் எஸ்ஆர்எஸ்2 வந்து நின்று ரீகாம்பினேஷனைத் தடுக்கும். மியூட்டேஷனா, ரீகாம்பினேஷனா, பிழையில்லாத சுற்றுவழியா என்பது பெருமளவு இந்த ஒரு லைசினைப் பொறுத்தது. இதைச் சொல்லிக்கொடுக்கும்போது இன்றும் என் குரல் ஒரு கட்டை உயர்ந்துவிடுகிறது.

ராட்5 என்றதும் என் நான்கு மாதம் நினைவுக்கு வருகிறது. எஸ்ஆர்எஸ்2 நீக்கிய ஒரு ஈஸ்ட்டை வேறொரு ஸ்டிரெயினோடு (ஈஸ்ட் வகையோடு) சேர்த்து, அந்தக் கலப்பு தரும் ஸ்போர் என்ற நான்கு வித்துகளை எடுத்து, நுண்ணோக்கியின் கீழ் கண்ணாடி ஊசியால் நான்கு நான்காகப் பிரித்து வைப்பேன். அடையாள மரபணுக்களின்படி பார்த்தால் ஒரே மாதிரி இருக்க வேண்டிய ஸ்போர்கள், டிஎன்ஏவைக் கெடுக்கும் எம்எம்எஸ் தட்டில் இரண்டு விதமாக நடந்துகொண்டன. சில நன்றாக வளர்ந்தன, சில தேய்ந்தன. தட்டில் தவறு, மருந்து பழசு, ஊசி சரியில்லை என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனேன். பிறகு கோபத்தை விட்டுவிட்டு, நான்கு ஸ்போரையும் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். இரண்டுக்கு இரண்டு. ஒவ்வொரு நான்கிலும் இரண்டுக்கு இரண்டு. அப்படிப் பிரிந்தால் அது மருந்தும் இல்லை ஊசியும் இல்லை, மரபணு. நான் கலப்புக்கு எடுத்தது டபிள்யூ303 என்ற, உலகம் முழுக்க ஆய்வகங்களில் புழங்கும் ஸ்டிரெயின். அதில் ராட்5 மரபணு லேசாகக் கெட்டிருக்கிறது என்பது 1996-லேயே வெளியாகியிருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. போதாததற்கு அதில் கேன்1-யும் கெட்டிருக்கும், அதனால் கனவானைன் சோதனைக்கு நேரடியாக உதவாது. பழுதுபார்ப்பைப் படிக்கப் பயன்படுத்தும் ஈஸ்ட்டிலேயே ஒரு பழுதுபார்ப்பு மரபணு கெட்டிருந்தது. ராட்5 சரிசெய்த டபிள்யூ303-ஐ வாங்கி முதலிலிருந்து தொடங்கினேன். இப்போது எந்த மாணவர் ஸ்டிரெயின் கேட்டாலும், அதன் முழு ஜாதகத்தையும் கையால் எழுதிக் காட்டச் சொல்கிறேன்.

எம்எஸ்எச்2-ஐ ஆரம்பத்திலேயே விட்டுவிட்டு வந்தேன். அது என் வீட்டுக்குள் வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் திருநெல்வேலி மாமாவுக்குப் பெருங்குடலில் கட்டி. அறுவை முடிந்து, பயாப்ஸி ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அத்தை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். திறந்ததும் நான்கு வரி: எம்எல்எச்1 இல்லை, பிஎம்எஸ்2 இல்லை, எம்எஸ்எச்2 இருக்கிறது, எம்எஸ்எச்6 இருக்கிறது. வருடக்கணக்காகக் குழாய் மூடியில் மார்க்கரால் எழுதிய பெயர்கள். மாமாவின் பெயருக்குக் கீழே அவை அச்சாகியிருந்ததைப் பார்த்து, கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

டிஎன்ஏ நகலெடுக்கும்போது பொருந்தாத எழுத்து விழுந்தால் அதைக் கண்டுபிடித்துத் திருத்துவது இந்தக் கூட்டம்தான். ஜிடிஜிடிஜிடி என்று ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் இடங்களில் பாலிமரேஸ் அடிக்கடி வழுக்கும்; இவர்கள் இல்லையென்றால் அந்த வழுக்கல்கள் அப்படியே தங்கிவிடும். 1993 செப்டம்பரில் பீட்டஸ், லிஸ்கே ஆய்வகங்கள், ஈஸ்ட்டில் எம்எஸ்எச்2, எம்எல்எச்1, பிஎம்எஸ்1 (மனிதனில் இதன் பெயர் பிஎம்எஸ்2) இவற்றில் ஒன்று கெட்டாலும் இத்தகைய இடங்கள் 100 முதல் 700 மடங்கு வரை நிலைகுலைகின்றன என்று எழுதின. அதே வருடம்தான் சில குடல் புற்றுக்கட்டிகளில் இப்படித் திரும்பத் திரும்ப வரும் பகுதிகள் நீண்டும் குறுகியும் இருப்பதை மருத்துவர்கள் கண்டிருந்தார்கள். அந்தக் கட்டிகளிலும் இதே மரபணுக்கள் கெட்டிருக்கலாம் என்று ஈஸ்ட்காரர்கள் சொன்னார்கள். டிசம்பரில் மனித எம்எஸ்எச்2 கையில் கிடைத்தது, 1994 தொடக்கத்தில் எம்எல்எச்1. குடும்பம் குடும்பமாகக் குடல் புற்று வருவதன் காரணத்தில் ஒரு பெரும் பகுதி, ஆறு மாதத்துக்குள் தெளிவானது.

அத்தை மறுநாள் போனில் கேட்ட கேள்வி, பல மாணவர்களும் கேட்காதது. "ஏம்மா, ரெண்டு பேரு இல்லைன்னு போட்டிருக்கே, ரெண்டு கோளாறா?"

"இல்லைத்தே, ஒண்ணுதான். அது ரெண்டும் ஜோடி. எம்எல்எச்1 போயிட்டா பிஎம்எஸ்2 தனியா நிக்காது, அதுவும் கரைஞ்சு போயிரும்."

"அப்போ பிள்ளைகளுக்கு?"

அதுதான் அவருடைய உண்மையான கேள்வி. பிறவியிலேயே கெட்ட எம்எல்எச்1 என்றால் பிள்ளைகளுக்குப் போக பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆனால் மாமா வயதில் வரும் கட்டிகளில் பல நேரம் மரபணுவின் எழுத்து கெடுவதில்லை. அதன் தொடக்கப் பகுதியில் மெத்தில் என்ற வேதிக் குறி ஏறி, அந்தக் கட்டிக்குள் மட்டும் மரபணு அணைந்துபோயிருக்கும். மருத்துவர் அந்தச் சோதனையும் எழுதினார். முடிவு வரும்வரை அந்தப் பத்து நாளும் நான் ஆய்வகத்தில் எம்எல்எச்1 என்று எழுதிய எந்தக் குழாயையும் எடுக்கவில்லை. மெத்தில் ஏறியிருந்தது. பிள்ளைகளுக்கு மரபு வழியாக வந்ததில்லை என்று மருத்துவர் சொன்னார். மாமா இப்போது வருடா வருடம் பரிசோதனைக்குப் போகிறார், தோட்டத்தில் வாழைக்கு மண் அணைக்கிறார். இவ்வகைக் கட்டி பரவினாலும், அளவுக்கு மீறிய மியூட்டேஷன்களாலேயே உடலின் எதிர்ப்புச் சக்தி அதை அந்நியமாக அடையாளம் காண முடியும். 2017-இல் அமெரிக்காவில் பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்துக்கு, கட்டி எந்த உறுப்பில் இருந்தாலும் இந்தக் குறைபாடு இருந்தால் கொடுக்கலாம் என்று அனுமதி கிடைத்தது. அதையும் அத்தைக்குச் சொன்னேன். மாமாவுக்கு அது தேவைப்படவில்லை.

இதே எம்எஸ்எச்2 ரீகாம்பினேஷனையும் காவல் காக்கிறது. இரண்டு டிஎன்ஏ துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தப் பார்க்கும்போது, நடுவில் நிறைய எழுத்து வித்தியாசம் இருந்தால், "இது உன் ஜோடி இல்லை" என்று பிரித்துவிடும். எங்கள் ஆய்வக ஈஸ்ட்டான சாக்கரோமைசஸ் செரிவிசியேவையும் அதன் நெருங்கிய உறவான பாரடாக்ஸஸையும் கலந்தால் கலப்பு ஈஸ்ட் பிறக்கும். ஆனால் அதன் ஸ்போர்களில் நூற்றுக்கு ஒன்றுதான் பிழைக்கும். 1996-இல் ஹண்டரும் அவருடன் இருந்தவர்களும் அந்தக் கலப்பில் எம்எஸ்எச்2-ஐ நீக்கிப் பார்த்தார்கள். பிழைக்கும் ஸ்போர்கள் பல மடங்கு கூடின. இரண்டு இனங்களைப் பிரித்து வைக்கும் வேலியின் ஒரு பகுதி, எழுத்துப் பிழை பார்க்கும் ஒரு புரதம். என் ஐந்து வருடத்தில் படித்த கட்டுரைகளில் என்னை அதிகம் உலுக்கியது இதுதான்.

இத்தனை நேரம் ரீகாம்பினேஷனை நல்ல பிள்ளை மாதிரி எழுதிவிட்டேன். அது முழு நியாயம் இல்லை. பிரதி பார்த்து எழுதுபவரும் பிழை விடுகிறார். மாக்னியும் வான் பார்ஸ்டலும் 1962-லேயே, ஸ்போர் உண்டாக்கும் செல் பிரிவான, ரீகாம்பினேஷன் மிகுந்த மையோசிஸில் மியூட்டேஷன் கூடுவதைக் கண்டார்கள். ஒரே மையோசிஸில் ஈஸ்ட்டின் 16 ஜோடி குரோமோசோம்களிலும் சேர்த்துச் சுமார் 90 குறுக்கு மாற்றம் நடக்கிறது. அத்தனையும் ஈஸ்ட் வேண்டுமென்றே ஸ்போ11 என்ற புரதம் கொண்டு வெட்டிக்கொண்ட இடங்களிலிருந்து தொடங்குபவை. 1995-இல் ஸ்ட்ராதர்ன் குழு ஒரே இடத்தில் டிஎன்ஏவை வெட்டி, ஒட்டியபின் பக்கத்தில் பார்த்தது. மியூட்டேஷன் சுமார் 100 மடங்கு. அதில் பெரும்பங்கு மறுபடியும் ரெவ்3 கைங்கரியம் என்று பிறகு தெரிந்தது. ஆனால் 2010-இல் ஹேபர் ஆய்வகம் வேறொரு அமைப்பில் 1400 மடங்கு வரை கண்டபோது, அங்கே ரெவ்3-க்குப் பெரிய பங்கில்லை. எப்போதும் ஒழுங்காக எழுதும் பாலிமரேஸ்களே, ஒட்டுவேலையில் இறங்கும்போது இடம் தவறிக் குதித்துப் பிழை விட்டிருந்தன. இந்த இரண்டு முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பல இரவு யோசித்திருக்கிறேன். எந்த வகை உடைப்பு, எந்த வகைப் பிரதி என்பதைப் பொறுத்து ஆள் மாறுகிறார்கள் என்றே எனக்குப் படுகிறது.

இப்போது கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். போன பருவத்தில் எம்எஸ்ஸி மாணவிகள் கனவானைன் சோதனை செய்தார்கள். ரெவ்3 தட்டில் ஐந்து காலனி எண்ணிய ஒரு பெண் என்னிடம் வந்து, "மேடம், அப்போ ரெவ்3-ஐ எடுத்துட்டா ஈஸ்ட்டுக்கு நல்லதுதானே? ஏன் வச்சிருக்கு?" என்றாள். எலியில் அந்த மரபணுவை நீக்கினால் கரு வயிற்றிலேயே இறந்துவிடும், 2000-இல் மூன்று ஆய்வகங்கள் அதைக் கண்டன என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டு ஸ்டிரெயினையும் புற ஊதா விளக்கடியில் வைக்கச் சொன்னேன். தட்டை அலுமினியத் தாளில் சுற்ற மறக்காதே என்றும் சொன்னேன்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. லீவு என்றாலும் வந்திருந்தாள். தாளைப் பிரித்தோம். சாதாரண ஈஸ்ட்டில் பெரும்பாலானவை பிழைத்திருந்தன. அவற்றைப் பரப்பிய கனவானைன் தட்டில் மியூட்டேஷன்கள் கொட்டிக் கிடந்தன. ரெவ்3 இல்லாத ஈஸ்ட்டில் பிழைத்தவை குறைவு; கனவானைன் தட்டிலோ விரல்விட்டு எண்ணும்படி. நான்கு எண்ணையும் அவள் நோட்டில் எழுதினாள். எழுதிவிட்டு, பிழைத்தவை, மாறியவை என்று இரண்டு பத்தி போட்டாள். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் எந்த வார்த்தையும் சொல்லாமல் ரெவ்3 குழாயில் கிளிசரால் சேர்த்து, தேதி எழுதி, மைனஸ் 80 ஃப்ரீஸரில் கொண்டுபோய் வைத்தாள்.